லேபிள் இல்லாத டப்பா: சோரியாசிஸுக்கு மாற்று வைத்தியம் தேடிய ஒருவரின் நிகழ்வு ஆய்வு

கொங்கு மண்டலத்து அரசு மருத்துவமனை ஒன்றின் தோல் நோய்ப் பிரிவில் பார்த்த நோயாளி பற்றியது இது. அவருடைய ஒப்புதலோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயின் போக்கையும் பரிசோதனை முடிவுகளையும் மாற்றவில்லை.

மாற்று வைத்தியம் நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்வது நோக்கம் இல்லை. இவர் பல வைத்தியங்களைப் பார்த்தார். அவற்றில் ஒன்று பயன்பட்டது, இரண்டு வீண், ஒன்று உயிருக்கே உலை வைத்தது. அவருக்கு எல்லாமே "நாட்டு மருந்து" என்ற ஒரே பையில்தான் இருந்தன. அந்தப் பையைப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

பின்னணி

நோயாளிக்கு வயது நாற்பதுகளின் தொடக்கம். தனியார் பேருந்தில் நடத்துநர். மனைவி, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், கூடவே அம்மா. நோய் தொடங்கியது முப்பத்தைந்து வயது வாக்கில். முதலில் தலையில் வெள்ளை வெள்ளையாக உதிர்ந்தது. பொடுகு என்று நினைத்து ஷாம்பு மாற்றிப் பார்த்தார். அப்புறம் முழங்கையிலும் முழங்காலிலும் திட்டுகள் வந்தன. அப்புறம்தான் மருத்துவரிடம் போனார்.

முதல் மருத்துவர் சோரியாசிஸ் என்று சரியாகவே கண்டுபிடித்துவிட்டார். ஸ்டீராய்டும் சாலிசிலிக் அமிலமும் கலந்த களிம்பும், தலைக்குத் தார் கலந்த ஷாம்புவும் கொடுத்தார். ஒரு மாதத்தில் திட்டுகள் மறைந்தன. மருந்தை நிறுத்தினார், மூன்று மாதத்தில் திரும்பி வந்தது. அதே களிம்பு, அதே மறைவு, அதே திரும்புதல். இப்படி இரண்டு மூன்று சுற்று ஓடியது. "இது வரும், போகும்" என்று மருத்துவர் சொன்னதாக நோயாளிக்கு நினைவிருக்கிறது. மருத்துவர் சொன்னது நோயின் இயல்பு. இவர் காதில் விழுந்ததோ, "இதுக்கு மருந்து இல்லை" என்று.

சோரியாசிஸ் தொற்றுநோய் அல்ல. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் காரணமில்லாமல் தோலைத் தூண்டுவதால் வருவது. சாதாரணமாக மேல்தோலின் செல் அடியில் பிறந்து, மேலே வந்து உதிர ஒரு மாதம் ஆகும். சோரியாசிஸில் அது சில நாட்களில் நடந்துவிடுகிறது. முதிராத செல்கள் ஒன்றின்மேல் ஒன்று சேர்ந்து வெள்ளிநிறச் செதிலாகின்றன. கட்டுப்படுத்த நல்ல மருந்துகள் உண்டு. வேரோடு பிடுங்க இன்றுவரை எந்த மருத்துவத்திலும் வழி இல்லை. இந்தக் கடைசி வரியை யாராவது உட்கார வைத்து அவரிடம் சொல்லியிருந்தால் கதை வேறு மாதிரிப் போயிருக்கலாம்.

தொழிலும் சேர்ந்து நெருக்கியது. நடத்துநருக்குக் கைதான் முதல். விரல் முட்டியில் திட்டு வந்த பிறகு, சில்லறையை நேராகக் கையில் வாங்காமல் "அங்க வெச்சிருங்க" என்று சீட்டைக் காட்டிய பயணிகள் இருந்திருக்கிறார்கள். இன்னொன்றும் நடந்தது. இடது தோளில் தொடங்கி மார்பின் குறுக்கே வலது இடுப்புவரை, ஸ்கேல் வைத்து வரைந்த மாதிரி நேர்கோட்டில் செதில். காசுப்பையின் தோல் வார் உராயும் அதே கோடு. காயம்பட்ட, உராய்வுபட்ட இடத்தில் சோரியாசிஸ் புதிதாக முளைப்பதைக் கோப்னர் விளைவு என்போம். பாடப்புத்தகத்தில் படம் போடத் தகுந்த உதாரணம் இது. அவரோ, உள்ளூரில் யாரோ சொன்னதை வைத்து, அதைச் செய்வினையோ என்றுகூடப் பயந்திருக்கிறார்.

தேடல்

முதலில் அம்மாவின் கை வைத்தியம். குப்பைமேனி இலையை உப்பு சேர்த்து அரைத்து, திட்டின்மேல் அழுத்தித் தேய்த்துவிட்டு வேப்பிலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரில் குளியல். சொறி சிரங்குக்கு ஊரில் எல்லோரும் செய்வதுதான். சோரியாசிஸில் உப்போடு தேய்ப்பது புதுக் காயம். தேய்த்த இடமெல்லாம் திட்டு பெரிதானது. கெட்டது இலையாலா தேய்த்ததாலா என்று கேட்டால், பெரும்பாலும் தேய்த்ததால்தான் என்பேன்.

அடுத்தது ஹோமியோபதி. ஆறு மாதம். முதலில் அதிகமாகித்தான் குறையும் என்று சொல்லி அனுப்பினார்களாம். அதிகமானது, குறையவில்லை, விட்டுவிட்டார்.

மூன்றாவது, அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவு. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே அவருக்கு உண்மையிலேயே பலன் கிடைத்தது. சித்த மருத்துவத்தில் சோரியாசிஸைக் காளாஞ்சகப்படை என்பார்கள். மேலே பூச வெட்பாலைத் தைலம், உள்ளுக்குப் பரங்கிப்பட்டைச் சூரணம், கூடவே பத்தியம். புளி, கத்தரிக்காய், கருவாடு, முட்டை உள்ளிட்ட, தோல் நோயைக் கிளறும் என்று சொல்லப்படும் கரப்பான் பண்டங்கள் கூடாது. மது கூடவே கூடாது. இரண்டு மாதத்தில் அரிப்பு நன்றாகக் குறைந்தது, செதில் மெலிந்தது, திட்டுகள் தட்டையாயின. முழுக்கப் போகவில்லை.

எது வேலை செய்தது? வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டு வெயிலில் வைத்து எடுக்கும் தைலம் அது. வேறு எதுவும் இல்லாவிட்டாலும், காய்ந்த செதிலை எண்ணெய் இளக்கும், ஈரத்தைப் பிடித்து வைக்கும். சோரியாசிஸுக்கு அதுவே பாதி நிம்மதி. இலைக்கும் பங்கு இருக்கலாம், சித்த மருத்துவர்கள் அதைத் திடமாகவே சொல்கிறார்கள். என் கணிப்பில் இன்னொரு பெரிய காரணம் பத்தியம். புளியை விட்டதால் அல்ல. தினமும் வண்டி விட்டு இறங்கியதும் போட்டுக்கொண்டிருந்த குவார்ட்டரைப் பத்தியத்துக்காக அடியோடு நிறுத்தினார் பாருங்கள், அதனால். மது சோரியாசிஸைக் கிளறிவிடும் என்பது தெரிந்த விஷயம். எந்த ஆங்கில மருத்துவரும் சொல்லிக் கேட்காத ஒன்றை, பத்தியம் என்ற ஒரு சொல் கேட்க வைத்தது.

ஆனால் பத்தியம்தான் அவரை விரட்டியும் விட்டது. நடத்துநர் மூன்று வேளையும் சாப்பிடுவது ஓட்டலில். புளி இல்லாமல் சாம்பார் ஏது, ரசம் ஏது? தயிர்ச் சோற்றைத் தவிர வேறு வழியில்லை. நான்காவது மாதம் பத்தியத்தை விட்டார். பத்தியம் இல்லாமல் மருந்து சாப்பிடக் கூடாது என்று மருந்தையும் விட்டார். மதுவும் திரும்பி வந்தது.

நான்காவது வைத்தியம் ஒரு சுவர் விளம்பரத்தில் இருந்து வந்தது. "சோரியாசிஸ் 90 நாளில் நிரந்தரத் தீர்வு, பக்கவிளைவு இல்லாத பரம்பரை மூலிகை மருத்துவம்." மாதம் ஒருமுறை குறிப்பிட்ட தேதியில் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜில் அறை எடுத்து நோயாளிகளைப் பார்ப்பவர். மாதத்துக்கு 1,800 ரூபாய். லேபிள் இல்லாத பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு களிம்பு, செய்தித்தாளில் மடித்த பொடிப் பொட்டலங்கள், காலையும் இரவும் தேனில் குழைத்துச் சாப்பிட.

பத்து நாளில் தோல் பளிச்சென்று ஆகிவிட்டது. இத்தனை வருஷத்தில் இப்படி ஆனதே இல்லை. பசி எடுத்தது, எடை கூடியது, கன்னம் உப்பியது. "ஆளு நல்லா தேறிட்டாப்பல" என்று ஓட்டுநரும் டீக்கடைக்காரரும் சொன்னார்கள். தனக்குத் தெரிந்த இரண்டு பேரை அவரே அந்த லாட்ஜுக்குக் கூட்டிப் போய்விட்டார்.

இந்தக் கட்டத்தில் ஒரு தோல் மருத்துவர் அவரைப் பார்த்திருந்தால் விஷயம் உடனே பிடிபட்டிருக்கும். பத்து நாளில் சோரியாசிஸை இப்படித் துடைத்து எடுக்கும் மூலிகையை நான் பார்த்ததில்லை. துடைத்து எடுப்பது ஸ்டீராய்டு. கூடவே பசியும், எடையும், உருண்ட முகமும் வந்தால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஆனால் தோல் நன்றாக இருப்பவர் எதற்குத் தோல் மருத்துவரிடம் வரப்போகிறார்?

ஏழெட்டு மாதம் ஓடியது. ஒரு மாதம் வைத்தியர் லாட்ஜுக்கு வரவில்லை. செல்போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மருந்து தீர்ந்தது. இரண்டு வாரத்துக்குள் உடம்பு முழுக்கச் சிவக்கத் தொடங்கியது.

மருத்துவமனையில் கண்டது

சித்திரை மாதம், நல்ல வெயில். ஆட்டோவில் இருந்து கம்பளி போர்த்திக்கொண்டு நடுங்கியபடி இறங்கினார். உச்சந்தலையில் இருந்து பாதம்வரை சிவப்பு. ஆரோக்கியமான தோல் என்று சொல்ல உள்ளங்கை அகலம்கூட மிச்சம் இல்லை. உடல் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் இப்படி ஆகிவிட்டால் எரித்ரோடெர்மா என்று பெயர். தோல் நோயில் அவசர சிகிச்சை தேவைப்படும் மிகச் சில நிலைகளில் ஒன்று. தோல் தன் வேலையை நிறுத்திவிடுகிறது: சூடு வெளியேறுகிறது, நீர் வெளியேறுகிறது, செதிலோடு புரதமும் போகிறது. கிருமி உள்ளே வர வாசல் திறந்து கிடக்கிறது. விரிந்த ரத்த நாளங்களுக்கு ஈடு கொடுத்து ஓடும் இதயம் களைத்துப் போகிறது.

நாடித்துடிப்பு 118. ரத்த அழுத்தம் 90/60. கால் இரண்டும் வீங்கி, அழுத்தினால் குழி விழுந்தது. ரத்தச் சர்க்கரை 268, அதற்கு முன் சர்க்கரை நோய் இருந்ததில்லை. ரத்தப் புரதமான அல்புமின் குறைந்து 2.6. மறுநாள் காலையில் படுக்கை விரிப்பை உதறிய வார்டு உதவியாளர் கூப்பிட்டுக் காட்டினார்: அவல் கொட்டினாற்போல் கை நிறைய அள்ளும் அளவுக்குச் செதில்.

சிவப்பை விட என்னை நிறுத்திப் பார்க்க வைத்தவை வேறு. உடம்பு இவ்வளவு மோசமாக இருந்தும் முகம் உருண்டையாக, பொதபொதவென்று இருந்தது. அடிவயிற்றிலும் தொடையிலும் விரல் அகலத்துக்கு ஊதாநிற வரிகள். பிரசவத்துக்குப் பின் வரும் வெளிறிய வரி போலில்லை, ஆழமானவை. முழங்கை மடிப்பில் தோல் மெல்லிய காகிதம் மாதிரிச் சுருங்கியது. நகங்களில் சோரியாசிஸுக்கே உரிய ஊசிக்குழிகள்.

"நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டோம்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க சார்."

அன்று மாலை மனைவி தனியாக வந்து ஒரு மஞ்சப்பையை மேசைமேல் வைத்தார். "அவரு சொல்ல வேண்டாம்னுட்டாருங்க. இங்கிலீஷ் மருந்துக்காரங்ககிட்ட காட்டுனா மருந்து பலிக்காதுன்னு அந்த வைத்தியர் சொல்லியிருக்காரு. எனக்குப் பயமா இருக்குதுங்க." டப்பாவின் அடியில் கொஞ்சம் களிம்பு ஒட்டியிருந்தது. பச்சை சாயம், தூக்கலான கற்பூர வாசனை. விரலில் எடுத்துத் தேய்த்தால் கரகரப்பே இல்லை. இலை அரைத்துச் செய்த எதுவும் இவ்வளவு வழவழப்பாக வராது. பொட்டலத்தில் பழுப்புப் பொடி, அதனுள்ளே வெளிச்சத்தில் பார்த்தால் தனியாகத் தெரியும் வெள்ளைத் துகள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் கேள்வி, இது சோரியாசிஸ்தானா? மருந்து ஒவ்வாமையாலும் உடம்பு முழுக்க இப்படிச் சிவக்கலாம், அரிதாகத் தோலைப் பிடிக்கும் நிணநீர்ப் புற்றுநோயாலும் ஆகலாம். பழைய வரலாறும் நகமும் சோரியாசிஸைக் காட்டின. இருந்தாலும் பயாப்சி எடுத்தோம். அதுவும் சோரியாசிஸ் என்றே வந்தது.

இரண்டாவது கேள்விதான் சிக்கலானது: ஸ்டீராய்டு கொடுப்பதா, வேண்டாமா? காலை 8 மணிக்கு எடுத்த ரத்தத்தில், அட்ரினல் சுரப்பி தானே சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசால் ஒரு டெசிலிட்டருக்கு 1.4 மைக்ரோகிராம். 3-க்குக் கீழே போனாலே அட்ரினல் சுரப்பி தூங்கிவிட்டது என்று கொள்வது வழக்கம். வெளியிலிருந்து மாதக்கணக்கில் ஸ்டீராய்டு வந்தால் உடம்பு தன் சொந்த உற்பத்தியை நிறுத்திவிடும். வெளி வரவும் திடீரென்று நின்றால் இரண்டும் இல்லை. ரத்த அழுத்தம் இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

சோரியாசிஸுக்கு மாத்திரையாகவோ ஊசியாகவோ ஸ்டீராய்டு கொடுக்கக் கூடாது என்பது தோல் மருத்துவத்தின் அரிச்சுவடி. காரணம் இதேதான்: நிறுத்தும்போது நோய் பல மடங்காகப் பாயும், சீழ்க்கொப்புளம்கூட வரும். இங்கேயோ கொடுக்காமல் இருந்தால் ஆளே போய்விடலாம். பொது மருத்துவரோடு உட்கார்ந்து பேசி, கார்டிசாலின் மருந்து வடிவமான ஹைட்ரோகார்டிசோன் கொடுக்க முடிவு செய்தோம். முதல் சில நாட்கள் ஊசியாக, அப்புறம் உடம்பு தானே சுரக்க வேண்டிய அளவுக்கு மட்டும் மாத்திரையாக. தோலை ஆற்றுவதற்காக அல்ல, சுரப்பி விழிக்கும்வரை தாங்கிப் பிடிப்பதற்காக. அந்த வித்தியாசத்தை கேஸ் ஷீட்டில் பெரிதாக எழுதி வைத்தோம். அடுத்த ஷிஃப்ட்டில் வருபவர் தோல் மேம்படவில்லை என்று அளவைக் கூட்டிவிடக் கூடாது.

டப்பாவில் என்ன இருக்கிறது என்ற ஆய்வக முடிவுக்காக நாங்கள் காத்திருக்கவில்லை. உடம்பே சாட்சி சொல்லிவிட்டது. ஆனால் சோதனைக்கு அனுப்பவும் தவறவில்லை. 1940-ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, வாங்கிய மருந்தைக் கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கும் உரிமையை யாருக்கும் தருகிறது. பலருக்குத் தெரியாத பிரிவு. மனைவியின் கையெழுத்தில் மனு போனது.

மூன்றாவது, சாப்பாடு. செதிலோடு புரதம் போய்க்கொண்டிருந்தது. தினம் இரண்டு முட்டை கொடுக்கச் சொன்னோம். அம்மா மறுத்துவிட்டார். "முட்டை கரப்பானுங்க. தோல் இப்படி வெந்து கெடக்கும்போது முட்டையா?" அறிவுரை சொல்லிப் பயனில்லை என்று தெரிந்தது. வளாகத்திலேயே இருந்த சித்த மருத்துவரை வார்டுக்கு வரச் சொன்னோம். அவர் நாடி பார்த்தார், தோலைப் பார்த்தார், "இப்போ உடம்பு வத்திக்கிடக்கு பாட்டி. இப்போதைக்குப் பத்தியம் வேண்டாம், முட்டையும் பாலும் தாராளமாக் கொடுங்க" என்றார். அன்று இரவே முட்டை வந்தது.

அதே வருகையில் அவர் அந்தக் களிம்பை முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னது முக்கியம். வெட்பாலைத் தைலம் என்றால் கத்தி படாமல் கையால் கிள்ளிய இலையை எண்ணெயில் போட்டு வெயிலில் வைக்க, எண்ணெய் கருஞ்சிவப்பும் ஊதாவுமாக மாறி வரும். பார்த்தாலே தெரியும். "இது எங்க மருந்து இல்ல சார். எங்க பேரைச் சொல்லி விக்கிறான்." அவர் கோபம் எங்கள் கோபத்தைவிடப் பெரிது.

நான்காவது, நிலையான மருந்து. மெத்தோட்ரெக்சேட்டா, சைக்ளோஸ்போரினா? இரண்டுமே நோய் எதிர்ப்பு மண்டலத்தை அடக்கி வைக்கும் மருந்துகள். சைக்ளோஸ்போரின் வேகமாகக் கேட்கும், ஆனால் விலை அதிகம், நீண்ட நாள் கொடுத்தால் சிறுநீரகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மெத்தோட்ரெக்சேட் மெதுவானது, ஆனால் எங்கள் மருந்தகத்தில் இலவசமாகக் கிடைக்கும், வருடக்கணக்கில் தொடரலாம். இவர் வெளியே போனதும் தொடர்ந்து வாங்க முடியாத மருந்தைத் தொடங்கினால் இன்னொரு திடீர் நிறுத்தம்தான் மிஞ்சும். கல்லீரல், சிறுநீரகம், ரத்த அணுக்கள், மஞ்சள் காமாலை வைரஸ்கள், நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் பார்த்து, எதிலும் தடை இல்லை என்று தெரிந்த பிறகு வாரம் 7.5 மில்லிகிராமில் தொடங்கி 15 வரை கூட்டினோம். வேறொரு நாளில் ஃபோலிக் அமிலம்.

இந்த மருந்தில் மிகப் பெரிய ஆபத்து, வாரம் ஒருமுறை போட வேண்டியதைத் தினமும் போட்டுவிடுவது. உயிர் போயிருக்கிறது. எந்தக் கிழமை என்று அவரையே கேட்டோம். யோசித்துவிட்டு "சனிக்கிழமைங்க, எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிற நாளு, மறக்காது" என்றார். சீட்டில் "சனி மட்டும்" என்று தமிழில் எழுதி வட்டம் போட்டோம்.

ஐந்தாவது, மனைவி கேட்டது: "அந்தப் பழைய ஊதா எண்ணெயை மறுபடி பூசலாமுங்களா? அது அவருக்குக் கேட்டுச்சு." வார்டில் இருக்கும்வரை வேண்டாம் என்றோம். வெந்துபோன தோல் எதையும் உறிஞ்சிவிடும், எரிச்சலும் வரும். அதுவரை வெள்ளைப் பாரஃபினும் சாதாரணத் தேங்காய் எண்ணெயும். தோல் மூடிய பிறகு, சித்தா பிரிவிலேயே வாங்கிய தைலம் என்றால் சரி என்றோம். உள்ளுக்குச் சாப்பிடும் சூரணம் மட்டும் வேண்டாம் என்று சித்த மருத்துவரும் நானும் சேர்ந்தே முடிவெடுத்தோம். மெத்தோட்ரெக்சேட் கல்லீரலைத் தொடக்கூடிய மருந்து. இன்னொன்றும் உள்ளே போனால், நாளைக்குக் கல்லீரல் அளவு ஏறும்போது எதை நிறுத்துவது என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

தொடர்ந்து நடந்தது

முதல் வாரத்தில் நடுக்கம் நின்றது, ரத்த அழுத்தம் ஏறியது. இரண்டாம் வாரம் சிவப்பு மங்கத் தொடங்கியது. மூன்றாம் வாரம் தொடையிலும் வயிற்றிலும் சின்னச் சின்னச் சீழ்க்கொப்புளங்கள் கிளம்பின. ஸ்டீராய்டு விலகும்போது வரக்கூடியதுதான், கிருமி இல்லை என்று சோதித்து உறுதி செய்தோம். ஆனால் குடும்பம் ஆடிப்போனது. "அந்தப் பொடி சாப்பிட்டப்போ ஒரு பொட்டு இல்லீங்களே" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்ல அன்று ஒரு மணி நேரம் ஆனது, அந்த ஒரு மணி நேரம் மெத்தோட்ரெக்சேட்டுக்கு இணையாக வேலை செய்தது என்பது என் எண்ணம். கொப்புளங்கள் பத்து நாளில் காய்ந்தன.

ஐந்தாம் வாரம் வீட்டுக்கு அனுப்பினோம். சில நாள் போட்ட இன்சுலினை அதற்கு முன்பே நிறுத்தியிருந்தோம். சர்க்கரை மூன்று மாதத்தில் மாத்திரை இல்லாமலே இயல்புக்கு வந்தது. கார்டிசால் திரும்ப ஏழு மாதத்துக்கு மேல் ஆனது. அதுவரை காய்ச்சலோ பல் பிடுங்கலோ எதுவானாலும் காட்டும்படி, "ஸ்டீராய்டு எடுப்பவர்" என்று எழுதிய அட்டை ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

ஆய்வக முடிவு அவர் வீட்டுக்குப் போன பிறகுதான் வந்தது. பொடியில் டெக்ஸாமெத்தசோன், களிம்பில் க்ளோபெட்டசால், இரண்டுமே ஸ்டீராய்டு. டெக்ஸாமெத்தசோன், எடைக்கு எடை, உடம்பு சுரப்பதைப் போல ஏறக்குறைய 25 மடங்கு வீரியமானது. க்ளோபெட்டசால் பூசும் ஸ்டீராய்டுகளில் உச்சம். முறையாகக் கொடுத்தாலும் தொடர்ச்சியாக இரண்டு வாரம், வாரத்துக்கு 50 கிராம் என்பதுதான் எல்லை. இவர் மாதக்கணக்கில் உடம்பெல்லாம் பூசியிருக்கிறார். ஆக, "இங்கிலீஷ் மருந்து" வேண்டாம் என்று ஓடியவர் ஏழெட்டு மாதம் சாப்பிட்டதும் பூசியதும் இங்கிலீஷ் மருந்துதான், அளவும் பெயரும் இல்லாமல்.

இது நம் ஊர் விசித்திரமும் இல்லை. 1999-இல் லண்டனில், எக்சிமா என்ற அரிப்புத் தோல் நோய்க்கு விற்ற சீன மூலிகைக் களிம்புகள் 11-ஐச் சோதித்தபோது 8-இல் டெக்ஸாமெத்தசோன் இருந்தது.

புகார் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் போயிருக்கிறது. லாட்ஜ் அறை பொய்ப் பெயரில் எடுக்கப்பட்டிருந்தது. இவர் கூட்டிப் போன இரண்டு பேரில் ஒருவரைக் கண்டுபிடித்து வரவழைத்தோம். அவர் பொடியைத் திடீரென்று நிறுத்தாமல் படிப்படியாக இறக்க முடிந்தது. இன்னொருவர் வரவில்லை.

நோயாளி நான்காம் மாதம் வேலைக்குத் திரும்பினார். தோல் வாருக்குப் பதில் அகலமான பருத்தி நாடா தைத்து, பையை இடுப்பில் கட்டிக்கொண்டார். மார்பின் குறுக்கே இருந்த கோடு மெல்ல மங்கியது. சனிக்கிழமை காலையில் வெட்பாலைத் தைலம் தேய்த்துக் குளியல், இரவு மெத்தோட்ரெக்சேட். ஒருமுறை தீபாவளிக்கு ஊருக்குப் போய்க் குடித்துவிட்டு, "குடிச்சா மாத்திரை போடக் கூடாதுன்னீங்களே" என்று இரண்டு வாரம் மருந்தை விட்டார். முழங்காலில் திட்டு திரும்பியது, மருந்தைத் திரும்பத் தொடங்கியதும் அடங்கியது.

இனி செய்வதில் மாற்றம்

"நாட்டு மருந்து சாப்பிட்டீங்களா?" என்ற கேள்வியை எங்கள் பிரிவில் விட்டுவிட்டோம். அது கேள்வி மாதிரி ஒலிப்பதில்லை, குற்றச்சாட்டு மாதிரி ஒலிக்கிறது. இப்போது கேட்பது, "போன ஒரு வருஷத்துல என்னென்ன பூசுனீங்க, என்னென்ன உள்ளுக்கு எடுத்தீங்க? எது கேட்டுச்சு?" என்று. கடைசிப் பாதிதான் வாயைத் திறக்க வைக்கிறது. அடுத்த முறை வரும்போது வீட்டில் இருப்பதையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டு வரச் சொல்கிறோம். லேபிள், தயாரிப்பு உரிம எண், உள்ளே என்னென்ன என்ற பட்டியல் இல்லாத எதையும் தனியாக வைக்கிறோம். உடனே நிறுத்தச் சொல்வதில்லை. முகம், வயிற்று வரிகள், காலைக் கார்டிசால் பார்த்த பிறகுதான் நிறுத்துவதா, இறக்குவதா என்று முடிவு. இந்த நோயாளிக்கு நேர்ந்தது நிறுத்தியதால் நேர்ந்தது என்பதை ஜூனியர் மருத்துவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

புதிதாக சோரியாசிஸ் என்று கண்டுபிடிக்கப்படும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே, இது அடியோடு போகாது, ஆனால் கைக்குள் வைக்கலாம், யாராவது 90 நாளில் போகும் என்றால் எங்களிடம் காட்டிவிட்டுச் சாப்பிடுங்கள் என்று சொல்கிறோம். ஓ.பி. நெரிசலில் இதற்கு நேரம் இல்லை என்பது உண்மை. அதனால் வாரம் ஒரு மதியம் பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்து உட்கார வைத்துப் பேசுகிறோம்.

சித்தா பிரிவோடு இருவழிச் சீட்டு ஒன்று வைத்திருக்கிறோம். அவர்கள் கொடுப்பது எங்களுக்குத் தெரியும், நாங்கள் கொடுப்பது அவர்களுக்குத் தெரியும். இதில் எங்கள் தரப்பில் முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. முணுமுணுப்பவர்களுக்கு நான் சொல்வது கோவா பொடி விஷயம். பிரேசில் மரம் ஒன்றில் இருந்து எடுத்து, போர்ச்சுகீசியர் வழியாக கோவாவுக்கு வந்து, படைக்குப் பூசும் பொடியாக விற்றது அது. 1870-களில் லண்டன் மருத்துவர் பால்மன்னோ ஸ்கொயர் அது சோரியாசிஸுக்குக் கேட்பதைக் கவனித்தார். உள்ளே இருப்பது என்ன என்று பிரித்தெடுத்து, அதன் வழியில் 1916-இல் டித்ரனால் வந்தது. பல பத்தாண்டுகள் உலகமெங்கும் தோல் வார்டுகளில் பூசிய மருந்து. நம் மூலிகையான கார்போகரிசியில் இருக்கும் சோரலினும் அப்படித்தான், சோரலின் வகை மருந்தோடு புற ஊதா ஒளி கொடுக்கும் சிகிச்சை 1974-இல் சோரியாசிஸுக்கு வந்தது. லாட்ஜ் பொடிக்கும் கோவா பொடிக்கும் வித்தியாசம் மூலிகையில் இல்லை. ஒன்றைத் திறந்து பார்த்தார்கள், இன்னொன்றைத் திறந்து பார்க்கக் கூடாது என்றார்கள்.

தற்போதைய நிலை

மெத்தோட்ரெக்சேட் வாரம் 10 மில்லிகிராமில் நிற்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கல்லீரலும் ரத்த அணுக்களும் பார்க்கிறோம். முழங்கை, தலை, இடது முழங்கால் ஆகிய மூன்று இடத்தில் திட்டு உண்டு, உடல் பரப்பில் 3 சதவீதத்துக்குள். வயிற்று வரிகள் வெளுத்திருக்கின்றன, போகவில்லை, போகாது. கடைசியாக வந்தபோது காலையில் விரல் மூட்டு அரை மணி நேரம் விறைப்பாக இருப்பதாகச் சொன்னார். சோரியாசிஸ் மூட்டுவாதத்தின் தொடக்கமா என்று பார்க்க எக்ஸ்ரேயும் மூட்டுநோய்ப் பிரிவுக்குச் சீட்டும் எழுதியிருக்கிறோம்.